சூரியன் உதிக்காத ஊரில் திமிங்கிலம் எண்ணிய கதை



ஒரு கேள்வியோடு இந்தப் பயணத்தைத் தொடங்குவோம். நவம்பர் 18ஆம் திகதியளவில் மறைகின்ற சூரியன் மறு வருடம் ஜனவரி 22 அல்லது 23ஆம் திகதிதான் மீண்டும் தலைகாட்டும் என்றால், அந்த ஊரில் ஸுப்ஹு எப்போது? மஃரிப் எப்போது? அதே ஊரில் மே மாதம் இரண்டாம் வாரத்தில் எழும் சூரியன் ஆகஸ்ட் மாதம் பிறக்கும்வரை மறைவதே இல்லை. ரமழான் அந்த நாட்களில் வந்தால் நோன்பை எப்போது திறப்பது?

கற்பனை ஊரல்ல. ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், வடக்கு அகலாங்கு 71 பாகையில், ஆர்க்டிக் சமுத்திரத்தின் கரையில் அது இருக்கிறது. பெயர் உட்கியாக்விக். நெடுங்காலம் உலகப் படங்களில் 'பரோ' என்று ஓர் ஆங்கிலேயரின் பெயரால் அழைக்கப்பட்டு வந்தது. 2016இல் ஊர் மக்கள் வாக்களித்துத் தமது பழைய பெயரை மீட்டுக் கொண்டார்கள். சனத்தொகை ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வெளியுலகோடு இணைக்கும் பாதை எதுவும் கிடையாது. விமானத்தில் போகலாம்; கோடையில் பனிக்கட்டி விலகும்போது கப்பலில் போகலாம். நாம் இரண்டும் இல்லாமல், இருந்த இடத்திலிருந்தே போய் வருவோம், வாருங்கள்.

முதலில் அந்தக் கேள்விக்கு விடை. இரவும் பகலும் பிரியாத இடங்களில், அவை பிரிகின்ற அண்மித்த ஊரின் நேரத்தையோ மக்கா மாநகரின் நேரத்தையோ வைத்துக் கணித்துத் தொழுது கொள்ளலாம் என்று மார்க்க அறிஞர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். இது ஏட்டளவில் கிடக்கும் தீர்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கனடாவின் வடமேற்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் உள்ள இனுவிக் என்ற சிற்றூரில் 2010 முதல் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. தெற்கே வின்னிபெக் நகரில் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறிய கட்டடம், சுமார் 4,000 கிலோமீற்றர் தூரம் லொறியிலும் பின்னர் தட்டைப் படகிலும் ஏறி ஆற்று வழியே வந்து சேர்ந்தது! கனடாவின் நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரான இக்கலுயிட்டிலும் 2016இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. தொழில் தேடி வந்த முஸ்லிம்கள் இன்று இந்த ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அயலவர் யார்? இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதுதான்.

பனியைப் படிப்பவர்கள்

நாம் பாடப் புத்தகங்களில் 'எஸ்கிமோ' என்று படித்த மக்களில் பெரும்பாலானோர் தம்மை 'இனுயிட்' என்றே அழைக்கிறார்கள். 'மனிதர்கள்' என்பது அதன் பொருள். அலாஸ்கா, கனடா, கிறீன்லாந்து, ரஷ்யாவின் கிழக்கு முனை ஆகிய நான்கு இடங்களிலும் சுமார் 1,80,000 பேர் வாழ்கிறார்கள். உட்கியாக்விக் பகுதியில் வாழும் கிளையினருக்கு 'இனுப்பியாட்' என்று பெயர்.

பனிவெளி நமக்கு ஒரே வெள்ளையாகத் தோன்றும். அவர்களுக்கு அது எழுதப்பட்ட ஓர் ஏடு. விழுகின்ற பனிக்கு ஒரு சொல், நிலத்தில் கிடக்கும் பனிக்கு வேறொரு சொல், கடல் உறைந்து உண்டாகும் பனிக்கட்டிக்கு இன்னொரு சொல். கனடாவின் இக்லூலிக் பகுதியில் குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து ஒரு பலத்த காற்று வீசும். அது பனியை நாக்கு வடிவில் இறுக்கமான சிறு மேடுகளாகச் செதுக்கிவிடும். அந்த மேடுகளை 'உகலுறைத்' என்கிறார்கள். பின்னர் வேறு காற்றுகள் வீசினாலும் அவை இலேசில் அழிவதில்லை. இருட்டிலோ பனிப்புயலிலோ செல்லும் வேட்டைக்காரர் தமது சறுக்கு வண்டி அந்த மேடுகளை எந்தச் சாய்வில் கடக்கிறது என்பதை உணர்ந்தே திசை பிடித்துக் கொள்வார். விண்மீனும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

இன்று கையடக்கக் கருவிகள் செய்மதியைப் பார்த்துத் திசை சொல்கின்றன. இனுயிட் இளைஞர்களும் அவற்றைப் பாவிக்கிறார்கள். ஆனால் கருவி நேர்கோட்டில் வழி காட்டும். அந்த வழியில் பனிக்கட்டி மெலிந்திருக்கிறதா என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும் முதியவர்தான். அவரிடம் கேட்காமல் போனவர்கள் ஆபத்தில் சிக்கியது உண்டு.

சரி, முதியவர் சொல்வதை ஊர் இளைஞர்கள் கேட்கலாம். கலாநிதிப் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளும் அரசாங்கங்களும் கேட்பார்களா? அதற்குத்தான் உட்கியாக்விக்குக்கு வந்திருக்கிறோம்.

எண்ணிக்கையில் விழுந்த ஓட்டை

இந்த ஊரின் உயிர்நாடி வில்தலைத் திமிங்கிலம். பதினைந்து, பதினெட்டு மீற்றர் நீளம்; ஒன்றரை அடி தடிப்பான கொழுப்பு; பனிக்கட்டியை முட்டி உடைக்கும் பெருந்தலை. ஒவ்வொரு வசந்த காலத்திலும் அவை இந்தக் கரையோரமாக, பனிக்கட்டியில் விழும் நீர்ப்பிளவுகள் வழியே கிழக்கு நோக்கிச் செல்லும். பனிக்கட்டியின் விளிம்பில் கூடாரமடித்து, சத்தம் போடாமல், தோலால் செய்த படகுகளோடு இவர்கள் காத்திருப்பார்கள். ஒரு திமிங்கிலம் கிடைத்தால் அது ஒருவருக்குச் சொந்தமல்ல. ஊர் முழுவதும் பங்கு போகும். வேட்டைக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கும், விதவைக்கும், வயோதிபருக்கும் பங்கு உண்டு. ஜூன் மாதத்தில் பெருவிழா நடத்தி, வேட்டையில் வென்ற குழுவினர் ஊராருக்கு விருந்து கொடுப்பார்கள்.

1848 முதல் வெளியிலிருந்து வந்த வணிகக் கப்பல்கள் எண்ணெய்க்காகவும், சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைகளுக்குத் தேவையான தாடைத் தகடுகளுக்காகவும் இந்தத் திமிங்கிலங்களை வெட்டி வீழ்த்தின. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இலாபம் குறைந்ததும் கப்பல்கள் போய்விட்டன. குறைந்துபோன திமிங்கிலங்களோடு ஊர் மக்கள் எஞ்சினார்கள்.

1977இல் பேரிடி விழுந்தது. விஞ்ஞானிகளின் மதிப்பீடுகள் எப்படிப் பார்த்தாலும் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. இனம் அழிந்துவிடும் என்று அஞ்சிய சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு, இனுப்பியாட் மக்களின் வேட்டையை அடியோடு நிறுத்துமாறு தீர்மானித்தது. கப்பல் கப்பலாக அள்ளிச் சென்றவர்களின் பாவத்துக்குப் பங்கிட்டு உண்டவர்கள் தண்டனை பெற்றார்கள்!

அவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் வேட்டைத் தலைவர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். கடும் முயற்சியின் பின் 1978ஆம் ஆண்டுக்கு 12 திமிங்கிலங்களைக் கரைசேர்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. சுமார் பத்துக் கிராமங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பன்னிரண்டு.

வேட்டைக்காரர்கள் சொன்னது இதுதான்: உங்கள் கணக்கு தவறு. நீங்கள் பனிக்கட்டியின் விளிம்பில் நின்று, கண்ணெதிரே பிளவில் போகும் திமிங்கிலத்தை மட்டும் எண்ணுகிறீர்கள். பிளவு மூடிக்கொண்டால் திமிங்கிலம் வரவில்லை என்று எழுதுகிறீர்கள். பிளவு மூடினாலும் அது நிற்பதில்லை. பனிக்கட்டிக்கு அடியால் போகும். மெலிந்த இடத்தைத் தலையால் முட்டி உயர்த்தி மூச்சு விடும். அதுமட்டுமல்ல, உங்கள் பார்வைக்கு எட்டாத தூரத்திலும் அகலமாகப் பரந்து போகின்றன.

வேட்டைத் தலைவர் ஹாரி புரோவர் இதைப் பொறுமையோடு எடுத்துரைத்தவர். அதைக் கேட்டவர் தோமஸ் அல்பேர்ட் என்ற விஞ்ஞானி. அவர் இந்தப் பேச்சை வேட்டைக்காரரின் சுயநலம் என்று தள்ளவில்லை. உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றார். உள்ளூர்ப் பிரதேச சபை பணம் ஒதுக்கியது. 1980களில், நீருக்கடியில் ஒலியைப் பிடிக்கும் கருவிகளைப் பனிக்கட்டி விளிம்பு வழியே தொங்கவிட்டுக் காது கொடுத்தார்கள். பிளவு மூடியிருந்த நாட்களிலும் திமிங்கிலங்களின் குரல் கேட்டது! கண்ணுக்கு எட்டாத தொலைவிலிருந்தும் கேட்டது. விமானத்திலிருந்து பார்த்ததும் அதையே உறுதி செய்தது.

அதன் பின் கணக்கு மாறியது. 2001ஆம் ஆண்டின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. 2011இல் ஏறத்தாழ 16,800. இடைப்பட்ட காலத்தில் திமிங்கிலங்கள் பெருகியது ஒரு பகுதி; முதலில் எண்ணியவர்கள் காணாமல் விட்டது மறு பகுதி.

வேறு சில செய்திகளும் உண்டு. இந்தத் திமிங்கிலம் இரண்டு மனித ஆயுட்காலம் வாழும் என்பது முதியவர்களின் வாக்கு. விஞ்ஞானிகள் அவ்வளவு நம்பவில்லை. பின்னர், வேட்டையில் கிடைத்த திமிங்கிலங்களின் உடலில் பழங்காலத்துக் கல் ஈட்டி முனைகள் அகப்பட்டன. கண் வில்லையை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒன்று இருநூறு வயதையும் தாண்டியது. திமிங்கிலத்துக்கு மோப்ப சக்தி உண்டு, புகையை அறிந்து விலகும் என்றும் சொல்லி வந்தார்கள். 2010 அளவில் மூளையை ஆராய்ந்தவர்கள் மோப்பத்துக்கான உறுப்பு நன்றாக வளர்ந்திருப்பதைக் கண்டார்கள்.

கேளாச் செவிகளின் விலை

கேட்டதனால் வந்த நன்மையைப் பார்த்தோம். கேளாததால் வந்த கேட்டையும் பார்ப்போம்.

1845இல் ஜோன் பிராங்ளின் என்ற ஆங்கிலேயத் தளபதி 'எரபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்களில் வடமேற்குக் கடல்வழி தேடிப் புறப்பட்டார். 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1854இல் ஜோன் ரே என்ற பயணி, கப்பலைக் கைவிட்டவர்கள் பட்டினியால் மடிந்ததையும், கடைசியில் இறந்தவர்களின் உடலை உண்ண நேர்ந்ததையும் இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து லண்டனுக்கு அறிவித்தார். லண்டன் கொதித்தது. பெரும் எழுத்தாளரான சார்ள்ஸ் டிக்கன்ஸ் கூட, காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்புவதா என்ற தோரணையில் எழுதினார். பின்னாளில் கண்டெடுத்த எலும்புகளிலிருந்த கத்தி வெட்டுகள் அந்தப் பேச்சு உண்மையென்று காட்டின.

கப்பல்கள் எங்கே? இனுயிட் பரம்பரைக் கதைகள் ஓர் இடத்தைச் சொல்லிக் கொண்டே இருந்தன. ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த லூயி கமூக்காக் என்ற வரலாற்றறிஞர் முதியவர்களின் கதைகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்தார். 2014இல் 'எரபஸ்' அந்தக் கதைகள் காட்டிய பகுதியிலேயே கடலடியில் கிடைத்தது. 2016இல் அதே ஊரைச் சேர்ந்த சமி கொக்விக், தான் முன்பொருமுறை பனிக்கட்டிக்கு மேலே ஒரு மரத்தூண் நீட்டி நிற்கக் கண்டதைத் தேடற்குழுவிடம் சொன்னார். கப்பல் திசை திரும்பியது. 'டெரர்' கிடைத்தது. கேட்டிருந்தால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கலாம்.

இது கப்பல்களின் கதை. மனிதர்களின் கதை இதைவிடக் கசப்பானது. 1953லும் 1955லும் கனடா அரசாங்கம் இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து சில இனுயிட் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. வேட்டைக்குக் குறைவிருக்காது, விரும்பினால் திரும்பி வரலாம் என்ற வாக்குறுதியோடு. ஆனால் அவர்களின் அறிவு அவர்களுடைய நிலத்துக்கு உரியது. புதிய இடத்தில் மிருகங்கள் வேறு, பனிக்கட்டி வேறு, மாதக்கணக்கில் நீடிக்கும் இருட்டு வேறு. திரும்பும் வாக்குறுதியும் நெடுங்காலம் நிறைவேறவில்லை. 2010இல்தான் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த விடுதிப் பாடசாலைகளுக்காக 2008இல் மன்னிப்புக் கேட்டிருந்தது. வாசகர்களே, மொழி அறுந்தால் அறிவும் அறும். பனிக்குரிய சொல்லை அறியாத பிள்ளைக்குப் பனியின் ஆபத்தும் தெரியாது.

மேசையில் ஓர் இடம்

இதனால்தான் தமக்காகப் பிறர் முடிவெடுப்பதை இந்த மக்கள் இனியும் பொறுக்கவில்லை. உட்கியாக்விக் பகுதியின் மேயராயிருந்த எபன் ஹொப்சன், 1977 ஜூன் மாதத்தில் அலாஸ்கா, கனடா, கிறீன்லாந்து இனுயிட் மக்களை இந்த ஊரிலேயே ஒன்று கூட்டினார். அந்தக் கூட்டத்தில் பிறந்ததே இன்று 'இனுயிட் வடதுருவ வட்டப் பேரவை' எனப்படும் அமைப்பு.

அதன் பணிகளில் ஒன்று தாய்மாரின் உள்ளத்தைத் தொடும். 1980களின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தாய்ப்பாலில் இரசாயன நஞ்சு உண்டா என்று ஆராய்ந்தார்கள். தூய்மையான மாதிரி வேண்டுமென்று, தொழிற்சாலைகளே இல்லாத வடக்கிலிருந்து இனுயிட் தாய்மாரின் பாலை எடுத்தார்கள். தெற்கத்தித் தாய்மாரின் பாலைவிட அதில்தான் நஞ்சு பல மடங்கு அதிகம்! தூர தேசங்களில் பாவித்த பூச்சிகொல்லிகளும் இரசாயனங்களும் காற்றிலும் கடலிலும் வடக்கே வந்து, மீனில் புகுந்து, கடல்நாயின் கொழுப்பில் சேர்ந்து, கடைசியில் தாயிடம் வந்து தங்கியிருந்தன.

இவற்றைத் தடை செய்வதற்கான சர்வதேசப் பேச்சுவார்த்தைகளில் இனுயிட் பிரதிநிதிகள் அமர்ந்தார்கள். அவர்களின் தலைவியரில் ஒருவரான ஷீலா வாட் குளூட்டியே, தாயும் சேயுமாகச் செதுக்கிய ஒரு சிற்பத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். பேச்சுவார்த்தை மேசையில் அது எல்லோர் கண்ணிலும் பட நின்றது. 2001இல் கைச்சாத்தாகி 2004இல் அமுலுக்கு வந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, ஆர்க்டிக் பழங்குடியினர் விசேட ஆபத்துக்குள்ளாகியிருப்பதை முகவுரையிலேயே ஏற்றுக்கொள்கிறது.

1996இல் எட்டு வடநாடுகள் சேர்ந்து ஆர்க்டிக் பேரவையை அமைத்தபோது பழங்குடி அமைப்புகளுக்கு நிரந்தரப் பங்காளர் என்ற இடம் கொடுக்கப்பட்டது. வாக்குரிமை இல்லை, ஆனால் அவர்களைக் கலந்தாலோசித்தே தீர வேண்டும். 1999 ஏப்ரல் முதலாம் திகதி கனடாவில் நுனாவுட் என்ற தனிப் பிரதேசம் உதயமானது. அங்கே நிர்வாகம் முன்னோரின் அறிவைத் தழுவி நடக்க வேண்டும் என்பது கொள்கை. ஆய்வு செய்யப் போகும் விஞ்ஞானி முதலில் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். வந்து, கேட்டு, எழுதிக்கொண்டு போய்ப் பட்டம் பெற்றுவிட்டு மறந்துவிடும் காலம் முடிய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். 2018இல் கைச்சாத்தாகி 2021இல் நடைமுறைக்கு வந்த மத்திய ஆர்க்டிக் மீன்பிடி ஒப்பந்தமும், ஆய்விலே விஞ்ஞானத்தோடு பழங்குடி மக்களின் அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சீனா, ஜப்பான் போன்ற தூர நாடுகளும் இதில் ஒப்பமிட்டுள்ளன.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆர்க்டிக் பிரதேசம் உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வந்திருப்பதாக 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. உட்கியாக்விக் மக்கள் தலைமுறை தலைமுறையாக இறைச்சி வைத்துவந்த நிலத்தடிப் பனி அறைகள் சில உருகி நீர் நிரம்புகின்றன. பனிக்கட்டி பிந்தி உறைகிறது, முந்தி உடைகிறது. பாட்டனார் கற்றுத் தந்த அடையாளங்கள் சில இப்போது பொய்த்துவிடுகின்றன. ஆகவே முதியவருக்கும் கருவி வேண்டியிருக்கிறது. கருவிக்கும் முதியவர் வேண்டியிருக்கிறார். கனடாவில் 2019 முதல் 'சிகு' என்ற கைத்தொலைபேசிச் செயலி பாவனைக்கு வந்துள்ளது. கடற்பனிக்கட்டி என்பது அந்தச் சொல்லின் பொருள். அதில் செய்மதிப் படமும் உண்டு. வேட்டைக்காரர் தம் கண்ணால் கண்ட ஆபத்தான இடங்களைத் தம் மொழியிலேயே குறித்து வைக்கவும் வழி உண்டு.

திரும்பும் வழியில்

நபி ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாறு நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். பறவைகளின் பாஷை அறிந்த, காற்றும் ஜின்களும் பணிந்த அந்தப் பேரரசருக்குத் தெரியாத ஒரு செய்தியை ஹுத்ஹுத் என்ற சிறு பறவை ஸபா நாட்டிலிருந்து கொண்டு வந்தது. தாங்கள் அறியாததை நான் அறிந்து வந்திருக்கிறேன் என்று அரசரின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அதற்கு இருந்தது. அவர் என்ன செய்தார்? இத்தனை சிறிய பறவைக்கு என்ன தெரியும் என்று விரட்டவில்லை. கேட்ட மாத்திரத்தில் படையும் அனுப்பவில்லை. செவி சாய்த்தார், பின்னர் உண்மையா என்று சோதிக்கக் கடிதம் கொடுத்து அதே பறவையை அனுப்பினார்.

உட்கியாக்விக் பனிக்கட்டி விளிம்பில் நடந்ததும் இதுதானே? முதலில் கேட்டார்கள், பிறகு சோதித்தார்கள். சோதித்தபோதும் சொன்னவர்களையே கூட வைத்துக் கொண்டார்கள். ஒரு ஊரின் உணவும் விருந்தும் மானமும் அதனால் தப்பின. இன்றும் வசந்த காலம் வந்தால் அந்தத் தோல் படகுகள் பனிக்கட்டி விளிம்புக்குப் போகின்றன. விதவையின் வீட்டுக்குப் பங்கு போகிறது.

பயணம் முடிந்தது, வாசகர்களே. புத்தகத்தை மூடி வைத்தபின் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு உம்மம்மாவோ அப்பாவோ மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கக் கூடும். மழை வரும் என்று அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.